பேஸ்பால் சந்தையில் என் விலை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு கோடை விடுமுறையில், சரியாக எட்டு நாட்கள், என்னை எதற்கோ மாற்றிக் கொடுக்கப் போகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் ஒன்றும் பகல் கனவு காண்கிற குழந்தை இல்லை. காதால் கேட்டதை வைத்து, அப்பாவிடம் கற்ற கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தேன். கணக்கில் பெரிய தப்பும் இல்லை. அதுதான் இதில் கொடுமை.

எங்கள் தோட்டம் பல்லடத்துக்கும் சூலூருக்கும் நடுவில். அப்பா பேருக்கு விவசாயி, நிஜத்தில் மாட்டுத் தரகர். யார் வீட்டில் காளை விற்பதென்றாலும் வாங்குவதென்றாலும் அப்பாவுக்குத்தான் முதலில் போன் வரும். சந்தையில் அவர் பேசவே மாட்டார். துண்டை எடுத்து எதிராளியின் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்லுவார். சுற்றி நிற்பவர்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதற்குத்தான் துண்டு.

அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, அதற்கு நேர் எதிர். மாட்டைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்பார். கம்ப்யூட்டர் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். அவருக்கும் சித்திக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம். குழந்தை இல்லை. இந்த இரண்டையும் எங்கள் வீட்டில் யாரும் ஒரே மூச்சில் சொல்ல மாட்டார்கள். அந்த மே மாதம் முழுக்க எங்களோடு இருக்க அவர்கள் இருவரும் வந்திருந்தார்கள். எனக்கும் ஆறு வயதுத் தங்கச்சிக்கும் ஒரு பெட்டி நிறையச் சாக்லேட்டும், ஒரே நிறத்தில் இரண்டு கவுனும் வந்தன. என் கவுன் எனக்குக் கொஞ்சம் இறுக்கம். அதையும் நான் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

வந்த மறுநாளே சித்தப்பாவின் கிறுக்கு தெரிந்துபோனது. விடிந்தும் விடியாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். செல்போன் சிக்னல் அங்கேதான் நன்றாக வரும். பால் கறந்துவிட்டு வந்த அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்றா அது, காலங்காத்தால?"

"பேஸ்பாலுங்ணா."

"நம்ம கிரிக்கெட்டாட்டவா?"

"அதுக்குப் பங்காளின்னு வெச்சுக்கங்களேன்."

சித்தப்பா விளக்கினார். ஆபீசில் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு டீம். நிஜ டீம் இல்லை, பேருக்குத்தான். ஆனால் அதில் இருக்கும் ஆட்டக்காரர்கள் நிஜம். ஒருவர் எடுத்து வைத்திருக்கும் ஆள் அங்கே மைதானத்தில் நன்றாக ஆடினால் இங்கே அவருக்குப் புள்ளி ஏறும். வருஷக் கடைசியில் ஜெயித்தவருக்கு ஒரு சின்னக் கோப்பை. அதை அடுத்த வருஷம் வரை மேசைமேல் வைத்துக்கொண்டு மற்ற பதினொரு பேரையும் கடுப்பேற்றலாம்.

"காசு?"

"காசில்லீங்ணா."

"அப்பறம் இதுக்கா தூக்கங் கெட்டு உக்காந்திருக்கறே? சோலி கெட்ட சோலி," என்று அப்பா நகர்ந்தார். சித்தப்பா சும்மா இருந்திருக்கலாம். "ஆளை மாத்திக்கவும் செய்யலாமுங்ணா. எங்காளக் குடுத்துட்டு அவன் ஆள வாங்கிக்கலாம். இப்பக்கூட ஒருத்தன் கேட்டிருக்கறான். குடுக்கறதா வேண்டாமான்னுதான் கொழம்பிட்டு இருக்கறேன்," என்றார்.

அப்பா பால் போசியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

சித்தப்பாவிடம் பந்து எறிகிற ஆள் ஒருவர் இருந்தார். அந்த மாதம் அவரை அடிக்க ஆள் இல்லை. ஆபீசில் ஒரு தெலுங்குக்காரர், அவரைக் கொடு, பதிலுக்கு இரண்டு இளம் ஆட்டக்காரர்களைத் தருகிறேன் என்று கேட்டிருந்தார்.

"வயசு என்ன?" என்றார் அப்பா.

"யாருக்குங்ணா?"

"உன்ர ஆளுக்கு."

"முப்பத்தஞ்சுங்க."

அப்பா உச்சுக்கொட்டினார். "போட்டோ காட்டு." காட்டினார். அப்பா கழுத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். "பல்லக் காட்டற போட்டோ இல்லியா?"

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மாட்டுக்கு வயதைப் பல்லில்தான் பார்ப்பார்கள். அவருக்கு அது சிரிக்கிற விஷயமே இல்லை. "எந்தக் கைல எறியறான்? வலதா? அந்தத் தோளு எறங்கியிருக்குது பாரு. நொம்ப உழுதுபோட்ட மாடு இது. இப்ப நல்லா மினுக்குது, அதான் கேக்கறான். இன்னொரு மாசம் போனா நீ கூவிக் கூவி வித்தாலும் ஒருத்தனும் வரமாட்டான். வித்துத் தாட்டி உட்ரு."

"இல்லீங்ணா, இவருதான் என்ர டீமுக்கே..."

"அதெல்லாம் பாக்கப்படாது. வாங்கறதுல ஒண்ணுதான் பாக்கோணும். விக்கறவன் ஏன் விக்கறான்? அவனுக்குத் தெரிஞ்ச கோளாறு ஒண்ணு உனக்குத் தெரியாம இருக்குதா? அத மட்டும் விசாரிச்சுப்போட்டு வாங்கு."

சித்தப்பா விசாரித்தார். தெலுங்குக்காரருக்குப் பந்து எறிய ஆள் இல்லை, அவசரம், அவ்வளவுதான். மாற்றிக்கொண்டார்கள். சரியாகப் பத்து நாள் கழித்து அந்த முப்பத்தைந்து வயதுக்காரருக்கு முழங்கையில் அடிபட்டு, இந்த வருஷம் இனி ஆட மாட்டார் என்று செய்தி வந்தது. சித்தப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடினார். "அண்ணா! அண்ணா! தோளு இல்லீங்க, கைமுட்டி! முட்டி போயிருச்சுங்ணா!" ஒரு மனிதனுக்கு முட்டி போனதற்கு இத்தனை சந்தோஷமா என்று எனக்கு ஒரே குழப்பம். மாட்டுக்குக் கால் ஒடிந்தால்கூட எங்கள் வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்காது.

அதற்கப்புறம் அப்பாவைக் கேட்காமல் ஒரு மாற்றம் கிடையாது. கணக்கு எழுதுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன், யாரும் கொடுக்கவில்லை. ஆங்கிலப் பெயர்கள் அப்பாவின் வாயில் நுழையாததால் மாட்டுக்கு வைக்கிற பெயரையே வைத்தார். சிவப்புத் தாடிக்காரன் செவலை. வெள்ளையாய் உயரமாய் இருப்பவன் மயிலை. கறுத்தவன் காரி. ஒருவருக்குத் தலையில் ஒரு முடி இல்லை; கொம்பில்லாத மாட்டைச் சொல்கிற மாதிரி அவரை மோழை என்றார். நாலு கோடு நோட்டில் மயிலைக்கு நேராக வயது, எந்தக் கை, என்ன குறை என்று எழுதினேன். குறை என்கிற கட்டம்தான் எப்போதும் முதலில் நிறையும்.

அந்த மோழையால்தான் என் நிம்மதி போனது. அடுத்த மாற்றத்திலும் ஒன்றைக் கொடுத்து இரண்டு வாங்கினார்கள்; டீமில் ஒருவர் அதிகம். ஒருவரைக் கழித்துவிட வேண்டும். சித்தப்பா மோழையைக் கழித்துவிட்டார்.

"கழிச்சா அவரு எங்க போவாருங்க சித்தப்பா?"

"எங்கயும் போக மாட்டாரு. சும்மா இருப்பாரு. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

"யாரும் எடுக்கலீன்னா?"

"யாரும் எடுக்கலீன்னா யாரும் எடுக்கல," என்றார் சித்தப்பா, கொட்டாவி விட்டுக்கொண்டே. நாலு நாள் யாருமே எடுக்கவில்லை. தினம் காலையில் பல்லைக்கூட விளக்காமல் போய் முதலில் அதைத்தான் கேட்பேன். போட்டோவில் மோழை ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தைக்கு விஷயம் தெரியுமா என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நிஜ வேலை போகவில்லை, இது வெறும் விளையாட்டு என்று சித்தப்பா மூன்று தடவை சொன்னார். எனக்குப் புரியவில்லை. விளையாட்டென்றால் ஏன் முட்டி நிஜமாகப் போகிறது?

இப்படி ஏற்கெனவே கலங்கிக் கிடந்தபோதுதான் அந்தப் பேச்சைக் கேட்டேன். மத்தியானம் தீவன மூட்டைகள் அடுக்கிய அறையில் ஒளிந்திருந்தேன். தங்கச்சி கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கழுதை என்னைத் தேடுவதையே மறந்துவிட்டுச் சித்தியிடம் நகப் பாலிஷ் போட்டுக்கொள்ளப் போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல் கேட்டது.

"அது என்ன கன்னுக்குட்டியா, கவுத்தோட புடிச்சுக் குடுத்து உடறதுக்கு?"

"மெதுவாப் பேசுங்க," என்றார் அம்மா. "ரெண்டுல ஒண்ணுதானுங்களே. அங்க போனா ராசாத்தியாட்ட வளரும். நெனச்சா நாம போய்ப் பாத்துக்கறது."

"நெனச்சாப் போறதுக்கு அமெரிக்கா என்ன, சூலூரா?"

அப்பாவின் செருப்புச் சத்தம் கொட்டகைப் பக்கம் போனது. நான் தவிட்டு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சித்தப்பாவும் சித்தியும் எங்கள் இரண்டு பேரில் ஒருத்தியைக் கேட்டுவிட்டார்கள். அம்மாவுக்குச் சம்மதம். அப்பாவுக்கு இன்னும் விலை படியவில்லை. நிலவரம் இதுதான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரியாதது ஒன்றே ஒன்று. யாரை?

உடனே நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கைப் போட்டேன். தங்கச்சி: வயது ஆறு. வலது கை. குறை: முன்பல் இரண்டு விழுந்துவிட்டது, தூக்கத்தில் படுக்கையை நனைக்கும். நான்: வயது பத்து. வலது கை. பல் எல்லாம் இருக்கிறது. வகுப்பில் இரண்டாவது ரேங்க். குறை: வாய் அதிகம். இது நானாக எழுதவில்லை. என் டீச்சர் ரிப்போர்ட் கார்டில் எழுதியதை அப்படியே காப்பி அடித்தேன்.

எப்படிக் கூட்டிக் கழித்தாலும் தங்கச்சிதான் வந்தாள். சித்தப்பாவின் சந்தையில் வயது குறைந்ததற்குத்தான் மவுசு. அப்பாடா என்றிருந்தது. நான் தப்பித்தேன். அம்மாவோடும் அப்பாவோடும் தோட்டத்தோடும் நான் இருப்பேன், அந்தப் பாலிஷ் போட்ட கழுதை விமானம் ஏறிப் போகட்டும்.

அந்த நிம்மதி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. சாயங்காலம் தங்கச்சி சித்தியின் மடியில் உட்கார்ந்துகொண்டு பத்து விரலையும் ஊதிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. ஏன், நான் மட்டம் ஆகிவிட்டேனா? இரண்டாவது ரேங்க் வாங்கியவளை விட்டுவிட்டு, பல்லில்லாதவளையா கூட்டிப்போவார்கள்? எனக்குப் போக வேண்டாம். சத்தியமாக வேண்டாம். ஆனால் என்னைக் கேட்காமல் அவளைக் கேட்டதை என்னால் தாங்கவே முடியவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குப் பேய் பிடித்த மாதிரி இருந்தது. காலையில் என் விலையைக் குறைப்பேன், சாயங்காலம் ஏற்றுவேன். காலையில் வேண்டுமென்றே பாலைக் கொட்டினேன், சித்தியின் துவைத்த துணிமேல் கோழியை விரட்டிவிட்டேன். சாயங்காலமானால் தலையை வழித்து வாரிக்கொண்டு போய், கேட்காமலே பதினாறாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தேன். ஆங்கிலப் பாட்டை அபிநயத்தோடு சொன்னேன். "என்னாச்சு இவளுக்கு, வெயில் மண்டைக்கு ஏறிருச்சா?" என்றார் அப்பா. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாகப் பாலைக் கொட்டினால் முதுகில் ஒன்று விழும். அந்த வாரம் விழவில்லை. அதையும் என் சாமர்த்தியத்தின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

ஒரு நாள் சித்தி எனக்குத் தலை பின்னிவிட்டார். பின்னிக்கொண்டே கேள்வி கேட்டார்.

"பாலுக்குச் சக்கரை எத்தனை கரண்டி கண்ணு போடோணும் உனக்கு?"

"ரெண்டுங்க சித்தி."

"குளுரு தாங்குவியா? ராத்திரில எந்திரிச்சுப் பயந்துக்குவியா?"

சந்தையில் மாடு வாங்குகிறவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். என்ன தீனி தின்னும், முட்டுமா, கயிறு அறுக்குமா? எனக்குக் குப்பென்று வேர்த்தது. அது காலை நேரம், விலை குறைக்கிற நேரம். "படுக்கைய நனைச்சுருவேனுங்க," என்றேன். சொன்ன கையோடு மானம் போனது. "பொய்யுங்க, அது தங்கச்சி. நான் அப்படியெல்லாம் இல்லீங்க." சித்தி சிரிக்கவில்லை. பின்னலை முடித்து, ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டு, என் உச்சந்தலையில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார். எனக்கு அந்தக் கை பிடித்திருந்தது. எழுந்து ஓடிவிட்டேன்.

அவர்கள் ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. காலையில் தூங்கி எழுந்து வாசலுக்கு வந்தேன். வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். லேப்டாப் எதிரில் சித்தப்பா. பக்கத்தில் அப்பா. இருவர் கைமேலும் அப்பாவின் துண்டு.

துண்டுக்குள்ளே விரல்கள் நகர்ந்தன. சித்தப்பா தலையை ஆட்டினார். "ரெண்டும் வேணுங்கறானுங்ணா," என்றார் தாழ்ந்த குரலில். அப்பா துண்டுக்குள் இன்னொரு தடவை அழுத்தினார். "ஒண்ணு குடுத்தாப் போதும்னு சொல்லு. அதுக்கு மேல ஒத்துக்காதே."

எனக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? முடிந்துவிட்டது. விலை பேசுகிறார்கள். அதுவும் துண்டு போட்டு. அழுகையா ஆத்திரமா என்று எனக்கே தெரியாமல் கத்தினேன்.

"என்னய எத்தனைக்குப் பேசறீங்க?"

இருவரும் திரும்பினார்கள். "என்ன சாமி?" என்றார் அப்பா.

"எனக்கு எல்லாம் தெரியும். எங்க ரெண்டு பேருல ஒருத்திய இவங்களுக்குக் குடுக்கறீங்க. அம்மா சொன்னத நான் கேட்டேன். சரி, குடுங்க. பதிலுக்கு என்ன வாங்கறீங்க? ஒண்ணு குடுத்தா ஒண்ணு வாங்கோணும்ல? இவங்ககிட்டத்தான் பதிலுக்குக் குடுக்கறதுக்குப் புள்ளையே இல்லியே!"

சொல்லி முடித்தபோதுதான் சித்தி கதவருகில் காப்பி டம்ளரோடு நிற்பதைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் அம்மா.

லேப்டாப்பிலிருந்து மட்டும் "ஹலோ? ஹலோ?" என்று ஒரு குரல் வந்தது. அமெரிக்காவிலிருந்து தெலுங்குக்காரர் முழு முகத்தோடு எங்கள் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நாள் கேட்பாரற்றுக் கிடந்த மோழையைக் கடைசியில் எடுத்துக்கொண்டவர் அவர்தான். மோழை அங்கே போன நாளிலிருந்து அடித்து நொறுக்க ஆரம்பித்துவிட்டாராம். அவரைத் திரும்ப வாங்கத்தான் பேச்சு. அப்பாவின் விரல் தெரிந்துவிடக் கூடாதென்று துண்டு. இதை அப்புறம் சித்தப்பா எனக்குப் பொறுமையாக விளக்கினார். அந்த நிமிஷத்தில் அவர் லேப்டாப்பைச் சத்தமில்லாமல் மூடினார், அவ்வளவுதான்.

சித்தி டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அம்மா என்னிடம் வேகமாக வந்தார். கையை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மாவின் கை கீழே இறங்கியிருந்தது. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அம்மா அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. அடித்திருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அப்பா என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். "உன்னய யாருக்கும் குடுக்கலடா சாமி."

"அப்ப தங்கச்சியவா?"

"அவளயும் குடுக்கல. யாரையும் குடுக்கல. போதுமா?"

"அப்பறம் சித்தி ஏனுங்க அழுவறாங்க?"

அப்பா என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

பதினான்கு வருஷம் யாரும் அதைப் பேசவில்லை. சித்தப்பாவும் சித்தியும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார்கள், போவார்கள். அவர்களுக்கு அப்புறமும் குழந்தை இல்லை. போன வருஷம் என் கல்யாணத்துக்கு வந்திருந்தபோது சித்திதான் எனக்குச் சேலை கட்டிவிட்டார். கொசுவத்தை மடித்துக்கொண்டிருந்தவரிடம், மனதில் எத்தனையோ வருஷமாக உறுத்திக்கொண்டிருந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு வாசல்ல நான் பேசுனதுக்கு மன்னிச்சுக்கங்க சித்தி. புள்ளையக் கேட்டது உங்க உரிமை. நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாது."

சித்தி கொசுவத்தைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"நாங்க எங்க கண்ணு கேட்டோம்? எங்களுக்கு அப்படிக் கேக்கத் தைரியம் வருமா? உங்கம்மாதான் வந்து, பெரியவளக் கூட்டிட்டுப் போ அம்மணின்னாங்க."

"என்னயா?"

"உன்னயத்தான். நான் அந்த வாரமெல்லாம் தூங்கல, சந்தோசத்துல. என்னென்ன பேப்பர் வேணும்னு உங்க சித்தப்பா விசாரிக்கக்கூட ஆரம்பிச்சுட்டாரு." ஊக்கை வாயிலிருந்து எடுத்து இடுப்பில் குத்தினார். "அன்னைக்கு நீ கத்துனப்ப உள்ள போய் அழுதேன். நெசந்தான். ஆனா வேண்டாம்னு சொன்னது அதுக்கில்ல. உன்ன அடிக்கக் கைய ஓங்கிப்போட்டு உங்கம்மா அப்படியே எறக்குனத ஜன்னல் வழியாப் பாத்தேன். அப்பத்தான் எனக்கு ஒறச்சுது. அவங்க மனசுக்குள்ள உன்னய எனக்குக் குடுத்து முடிச்சாச்சு. அடுத்தவ புள்ளைய எப்படி அடிக்கறதுன்னு கைய எறக்கிட்டாங்க. அத எப்படி கண்ணு நான் வாங்கிட்டுப் போறது?"

மண்டபத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மா பூக்கூடையோடு உள்ளே வந்தார். நான் கேட்டேவிட்டேன். "ஏம்மா என்னயக் குடுக்கறேன்னீங்க? ஏன், தங்கச்சி இல்ல?"

அம்மா சித்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பூவை எடுத்து என் தலையில் வைக்க ஆரம்பித்தார். "ஒம்பது வருசமா வெசனப்பட்டவளுக்குக் குடுக்கறப்ப, இருக்கறதுல நல்லதத்தானே குடுக்கோணும்? நேரா நில்லு. பூ கோணலாப் போவுது."

இது எதுவும் அந்தப் பத்து வயதில் எனக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்துச் சித்தப்பாவையும் சித்தியையும் கோயம்புத்தூர் விமான நிலையத்தில் ஏற்றிவிட்டுக் காரில் திரும்பினோம். தங்கச்சி அப்பாவின் மடியில் தூங்கிப்போனாள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். வளையல் தோலில் அழுந்தியது. "வலிக்குதுங்கம்மா, உடுங்க," என்றேன். கேட்டதாகவே தெரியவில்லை. சூலூர் தாண்டியும் அந்தப் பிடி தளரவில்லை. எனக்கு ஒரே எரிச்சல். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்டவர்கள் கடைசியில் வேண்டாமென்று விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு என்னிடம் என்ன குறை கண்டார்கள் என்று வீடு வரும் வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன்.